விமான நிலைய சோதனை: பெட்டி கட்டும்போதே நடந்துவிடும் தவறுகள்

நம்மில் பலருக்கு மூன்று பெயர்: ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. டிக்கெட் போட்டுத் தரும் மச்சான் மூன்றாவதைப் போட்டுவிட்டால் வாசலிலேயே வம்பு. டிக்கெட்டில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்த்துத்தான் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் உள்ளே விடுவார். உள்நாட்டுப் பயணத்தில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பாலசுப்பிரமணியன் 'பாபு' ஆகியிருந்தால் முடியாது. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வேண்டும்.

இனிஷியலை விரிக்காமல், குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பணம் கட்டும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆதாரை ஜெராக்ஸ் எடுத்தோ போனில் போட்டோ பிடித்தோ கொண்டுபோவதை நம்பாதீர்கள். அசல் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் டிஜிலாக்கர், எம்ஆதார் செயலியைத் திறந்து காட்டலாம். முகத்தைக் காட்டி உள்ளே நுழைய உதவும் டிஜியாத்ரா செயலி இருந்தாலும் அட்டை பையில் இருக்கட்டும், கேமரா எல்லா நாளும் முகத்தை அடையாளம் காணாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் போல வயதைக் காட்டும் ஆவணம் அவசியம்.

அதிகம் பேர் மாட்டுவது பவர் பேங்கில். அதை கவுன்டரில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கிட்டப் போக முடியாது. கேபினில் என்றால் பணியாளர்கள் அணைத்துவிடுவார்கள். கேபினிலும் வரம்பு உண்டு, அது வாட்-ஹவர் என்ற மின் ஆற்றல் அளவில். பவர் பேங்கின் மேல் அச்சடித்திருக்கும் எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர் வரும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74, பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கும் மேல் கிடையாது. மேலே அச்சடித்த எண் அழிந்துபோன பவர் பேங்கைப் பறித்துக்கொள்ளவும் கூடும்.

ஊரிலிருந்து கொப்பரை கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எண்ணெய்ப்பசை அதிகம் என்பதால் அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்ற கணக்கில் வரும்; எடுத்துவைத்துவிடுவார்கள். முழுத் தேங்காய்க்கும் கேபினில் தடைதான்; இருமுடித் தேங்காயைக் கேபினில் கொண்டுபோக 2024–25 சபரிமலை சீசனில் தனிச்சலுகையே தர வேண்டியிருந்தது. லைட்டரை எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.

வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் வைக்கும் திரவத்துக்கு 100 மில்லி வரம்பு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், பாட்டில் அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தாலும் குப்பைத்தொட்டிதான். நெய், தேன், பற்பசை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஸ்கேனருக்கு வந்ததும் லேப்டாப், போன், பவர் பேங்க், பெல்ட் எல்லாம் தனி டிரேயில் போக வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மெட்டல் டிடெக்டருக்குள் நுழையும் முன்பே சொல்லிவிட வேண்டும். 'பையில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் குண்டு என்று மட்டும் சொல்லிச் சிரித்துவைக்காதீர்கள். விமானம் போய்விடும், நீங்கள் போலீஸிடம் விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.