ரொறன்ரோவில் இளவேனில் வீதி ஓட்டங்கள்: கழகத்தோடு சேர்ந்து ஆயத்தமாகும் முறை

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வீதி ஓட்டப் பருவம் பனி முற்றாகக் கரைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மார்ச் தொடக்கத்தில் பேர்லிங்ரனில் ‘சில்லி’ அரை மரதன் (21.1 கிலோமீற்றர்) நடைபெறுகிறது. அம்மாத இறுதியில் ஹமில்ரனில் 30 கிலோமீற்றர் ‘அரவுண்ட் த பே’, ஏப்ரல் தொடக்கத்தில் ஹை பார்க்கில் 8 கிலோமீற்றர் ‘ஸ்பிரிங் ரன்-ஓஃப்’, மே மாதத்தில் ரொறன்ரோ மரதனும் யங் வீதி வழியே இறங்கும் 10 கிலோமீற்றர் ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’ ஓட்டமும், மே இறுதியில் ஒட்டாவா ஓட்டங்களும் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓட்டக் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கூட ஓடுபவர்கள் பதிவுசெய்வதைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிடுவது இயல்பானதுதான். ஆனால் அப்படிக் கட்டியவர்களில் பலர் ஏப்ரல் நடுப்பகுதியில் முழங்கால் வலியோடு வீதியோரத்தில் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டுவதையும் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். எனவே முதல் வேலை, இந்தப் பருவத்தில் தமக்கு முதன்மையான ஓட்டம் எது என்று ஒன்றை மட்டும் முடிவுசெய்து, ஏனையவற்றை அதற்குத் துணையாக அமைத்துக்கொள்வதாகும்.

இதுவரை 5 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதவருக்கு ஏப்ரலின் 8 கிலோமீற்றரும் மே மாதத்தின் 10 கிலோமீற்றரும் போதும். பனிக்காலத்தில் நீண்ட தூரம் ஓடித் தம்மை வருத்திக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 10 கிலோமீற்றரைச் சிரமமின்றி ஓடுபவர் ஓர் அரை மரதனை இலக்காக வைக்கலாம். 42.2 கிலோமீற்றர் கொண்ட முழு மரதனை நோக்கிச் செல்பவருக்கோ இந்தப் பிரதேசத்தின் நாட்காட்டி மிக வசதியாக அமைந்திருக்கிறது. பேர்லிங்ரன் அரை மரதனுக்கும் ஹமில்ரன் 30 கிலோமீற்றருக்கும் இடையில் மூன்று, நான்கு கிழமைகளும், அதிலிருந்து மே முதல் ஞாயிறு நடைபெறும் ரொறன்ரோ மரதன் வரை ஐந்து, ஆறு கிழமைகளும் கிடைக்கின்றன. அரை மரதனை முழுப் பலத்தோடு ஓடி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அதை 1 மணி 45 நிமிடத்தில் முடித்தவரின் வேகம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 நிமிடம். அவர் ஹமில்ரனின் மேடுகளையும் கணக்கில் எடுத்து 5 நிமிடம் 10 செக்கன் வேகத்தில் ஓடினால் 2 மணி 35 நிமிடத்தில் முடிப்பார். ஆனால் மே மரதனே அவருடைய இலக்கு என்றால், ஹமில்ரனில் முதல் 20 கிலோமீற்றரை இலகுவாகவும் கடைசி 10 கிலோமீற்றரை மரதனுக்குத் திட்டமிட்ட வேகத்திலும் ஓடுவதே சரி. 30 கிலோமீற்றரை முழு மூச்சாக ஓடியவரின் கால்கள் பழைய நிலைக்கு வர இரண்டு, மூன்று கிழமைகள் செல்லும். அந்தக் கிழமைகள் மரதன் பயிற்சியின் மிக முக்கியமான நாட்களாகும்.

பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இலக்கு ஓட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே பதிவுசெய்து, துணை ஓட்டங்களுக்குப் பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்த்துப் பதிவுசெய்வது நல்லது. ஓட முடியாமற்போனால் ஓடுபவர் உடையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவர் வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவினர் உங்கள் பெயரையும் உங்கள் நோய் விவரத்தையும் வைத்தே அவருக்குச் சிகிச்சை அளிப்பார்கள். பெயர் மாற்ற அனுமதியுள்ள ஓட்டங்களில் அதற்குரிய இறுதி நாளுக்குள் முறைப்படி மாற்றிக்கொள்ளலாம்.

பயிற்சி தொடங்கும் முன்னர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உடல்நிலை. தெற்காசியரிடையே நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளமையிலேயே வருவது நன்கு அறியப்பட்ட உண்மை. நாற்பதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் மாரடைப்பு வரலாறு உள்ளவர்களும் குடும்ப மருத்துவரிடம் சொல்லி உரிய பரிசோதனைகளைச் செய்துகொண்ட பின்னரே நீண்ட ஓட்டத்துக்கு ஆயத்தமாக வேண்டும். இன்சுலின் எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின்போதும் அதன் பிறகும் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். ஆகையால் மருந்தின் அளவையும் உணவின் நேரத்தையும் மருத்துவரோடு பேசித் தீர்மானித்து, கூட ஓடுபவர் ஒருவரிடமாவது அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

மே மாதத்து ஓட்டத்தைத் தீர்மானிப்பவை ஜனவரி, பெப்ரவரி மாதங்களே. வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை இருக்கும்போது நடைபாதை ஓரங்களில் பனிக் குவியலும் அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமும் இருக்கும். அப்படியான நாட்களில் தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிட்டு ஓட வேண்டும். கோடையில் 15 கிலோமீற்றர் ஓடும் தொண்ணூறு நிமிடங்களில் அன்று 13 கிலோமீற்றர்தான் ஓட முடிந்தாலும் உடல் செய்த உழைப்பு குறைந்துவிடவில்லை. வெப்பநிலை உண்மையில் இருப்பதைவிடப் பத்துப் பாகை கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்த வேண்டும். முதல் ஐந்து நிமிடம் குளிர்ந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள். உடலோடு ஒட்டிய உடை பருத்தியாக இருக்கக் கூடாது, ஏனெனில் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்று முதுகில் படத் திரும்புவது நமது கழகங்களில் மூத்தவர்கள் எல்லோரும் சொல்லித்தரும் வழி. மாறி ஓடினால் வியர்வையில் நனைந்த மார்பில் குளிர்காற்று நேரே அறையும். வீதி முழுவதும் கண்ணாடிபோல் உறைந்திருக்கும் நாளில் வெளியே ஓடத் தேவையில்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிப்பவர்கள் பான் ஆம் விளையாட்டு மையத்தின் உள்ளக ஓடுபாதையையோ, வீட்டில் ஓடும் இயந்திரம் இருந்தால் அதையோ பயன்படுத்தலாம்.

மேடுகளுக்கான பயிற்சிக்கு ஸ்காபரோவில் பிறிம்லி வீதியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிங்ஸ்ரன் வீதிக்குத் தெற்கே அது புளஃபர்ஸ் பூங்காவை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. கீழே ஏரியும் பக்கத்தில் வெளிறிய மண்மேட்டுச் சுவரும் தெரியும். கீழிருந்து அறுபது, எழுபது செக்கன்கள் வேகமாக ஏறி, நடந்தோ மெதுவாக ஓடியோ இறங்கி, மூச்சு சீரான பின் மறுபடியும் ஏற வேண்டும். ஆறு தடவை போதும். ஏறும்போது அடிகளைச் சிறிதாக வைத்து, பார்வையைச் சில மீற்றர் முன்னால் நிறுத்தி, கைகளை நன்றாக வீச வேண்டும். முன்னால் வளைந்து ஏறுபவருக்கு நெஞ்சு சுருங்கி மூச்சு போதாமற்போகும். இறங்குவதையும் ஒரு பயிற்சியாகவே கொள்ள வேண்டும். தொடையின் முன்தசைகளைக் கடைசிக் கிலோமீற்றர்களில் நோகச் செய்வது பெரும்பாலும் இறக்கமே. பனி உறைந்திருக்கும் நாளில் இந்த இடத்தைத் தவிர்ப்பது கட்டாயம்.

கடினமான நாளுக்கு மறுநாள் இலகுவான நாள், அதற்கடுத்து ஓய்வு என்று மாற்றி மாற்றிப் பயிற்சி செய்வதை இன்று எல்லாப் பயிற்சியாளர்களும் வற்புறுத்துகிறார்கள். ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றுச் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிப் பகுதியில் பிறந்த ஒனொண்டாகா இன ஓட்டவீரர் ரொம் லோங்போட் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படித்தான் பயிற்சி செய்தார். அதற்காக அந்நாளின் பத்திரிகைகள் அவரைச் சோம்பேறி என்று எழுதின. அவர் 1906இல் ஹமில்ரன் ஓட்டத்தையும், அடுத்த ஆண்டு பொஸ்ரன் மரதனைச் சாதனை நேரத்திலும் வென்றார். நமது இளைஞர்களில் பலர் இலகு நாளிலும் பக்கத்தில் ஓடுபவரை முந்தப் பார்க்கிறார்கள். இலகு ஓட்டம் என்றால், இரண்டு, மூன்று வசனங்களை மூச்சு வாங்காமல் முழுமையாகப் பேச முடிய வேண்டும். ஞாயிறு நீண்ட ஓட்டத்தைக் கழகத்தோடு ஓடுவதன் பெரும் பயன் இதுதான். தனியே ஓடும்போது வேகம் தன்னை அறியாமல் கூடிவிடும். பேசிக்கொண்டே ஓடும் கூட்டத்தில் அது அளவுக்குள் நிற்கும்.

கழகம் செய்ய வேண்டிய ஏற்பாடுகளும் இருக்கின்றன. நீண்ட ஓட்டத்துக்கு ஒரே கூட்டமாகப் புறப்படாமல், வேகத்தின்படி மூன்று, நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் பாதையை அறிந்த ஒருவரை முன்னாலும் பொறுமையுள்ள ஒருவரைக் கடைசியிலும் நிறுத்த வேண்டும். கடைசியில் வருபவரைத் தனியே விட்டுவிடும் கழகத்தில் புதியவர்கள் நிலைப்பதில்லை. ஹமில்ரன் ஓட்டத்தில் 30 கிலோமீற்றரைப் பகிர்ந்து ஓடும் பிரிவும் இருப்பதால், முழுத் தூரத்துக்கு ஆயத்தமாகாதவர்களைச் சோடியாகச் சேர்த்து அனுப்பலாம். முதல் தடவை ஓடுபவருக்கு அது மிகப் பொருத்தமானது. ரொறன்ரோ நகர மையத்திலிருந்து ஹமில்ரன் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரம். ஸ்காபரோவிலிருந்து இன்னும் கூடுதல். ஆகவே யாருடைய வாகனத்தில் யார் செல்வது, எங்கே நிறுத்துவது, ஓட்டம் முடிந்ததும் எங்கே சந்திப்பது என்பவற்றை ஓட்டத்துக்கு முந்திய புதன்கிழமைக்குள் தீர்மானித்துவிட வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் பருவத்தில் ஓர் ஓட்டத்திலாவது ஓடாமல் தண்ணீர் கொடுக்கவோ சந்திகளில் வழிகாட்டவோ தொண்டராக நிற்க வேண்டும் என்று கழகங்கள் விதி வைத்தால் நான் மனமார வரவேற்பேன்.

‘அரவுண்ட் த பே’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1894இல் தொடங்கிய இந்த ஓட்டம் வட அமெரிக்காவின் மிகப் பழைய வீதி ஓட்டம். பொஸ்ரன் மரதனைவிட மூன்று ஆண்டுகள் மூத்தது. ஹமில்ரன் துறைமுகக் குடாவைச் சுற்றி வருவதே அதன் பாதை. நுணுக்கமான மாற்றங்கள் ஆண்டுதோறும் ஏற்படக்கூடும் என்பதால் அந்த ஆண்டுக்குரிய வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும், அதன் தன்மை மாறுவதில்லை. முதற்பகுதி தொழிற்சாலைகளின் ஓரமாகச் சமதரையில் செல்லும். அடுத்து ஏரிக்கும் குடாவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் காற்று பலமாக வீசும். அதற்குப் பின், கால்கள் களைத்த நேரத்தில், பேர்லிங்ரனின் நோர்த் ஷோர் வீதியில் மேடும் பள்ளமும் தொடர்ச்சியாக வரும். முதல் பத்துக் கிலோமீற்றரில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு செக்கனுக்கும் பிற்பகுதியில் பல செக்கன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். காற்று வீசும் பகுதியில் தனியாக ஓடாமல் ஒரு கூட்டத்தின் பின்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். மேடுகளில் கைக்கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காமல் மூச்சின் அளவை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.

கைக்கடிகாரத்தைப் பற்றி இன்னொரு விடயம். சான்றளிக்கப்பட்ட ஓட்டப் பாதைகள், சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் மிகக் குறுகிய வழியே சென்று அளக்கப்படுகின்றன. தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைக்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி ஓடுபவர் இதைவிடக் கூடுதலாகவே ஓடுவார், ஜிபிஎஸ் பிழையும் அதோடு சேரும். ஹமில்ரனில் கடிகாரம் 30.3 கிலோமீற்றர் காட்டினால் அந்த 300 மீற்றருக்கு 5 நிமிடம் 10 செக்கன் வேகத்தில் ஒன்றரை நிமிடம் செல்லும். கடிகாரத்தின் வேகத்தை மட்டும் நம்பியவர் குறித்த நேரத்தைத் தவறவிடுவது இதனால்தான். வீதியோரத்துக் கிலோமீற்றர் பலகைகளில் கடந்த நேரத்தைப் பார்த்து ஓடுவதே நம்பகமானது. அதேபோல், யங் வீதியில் இறங்கி ஓடிய 10 கிலோமீற்றர் நேரத்தைச் சமதரை நேரத்தோடு ஒப்பிட்டு அடுத்த இலக்கை வகுக்கக் கூடாது. சாதனைக்குத் தகுதிபெறும் பாதையில் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அந்த ஓட்டம் அதைவிடப் பன்மடங்கு இறங்குகிறது.

ஓட்டத்துக்கு முந்திய நாள் இரவுக்குச் சோறோ இடியப்பமோ போதும். எண்ணெய், கூடுதல் உறைப்பு, பயறு, கடலை வகைகளை அன்று தவிர்க்க வேண்டும். காலையில் ஓட்டத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு முன்பு பாணும் வாழைப்பழமும், பழகியிருந்தால் ஒரு கோப்பை தேநீரும் எடுக்கலாம். தொண்ணூறு நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து தேவை. ஓடும்போது உண்ணும் சர்க்கரைக் கூழான ஜெல் பொதி ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். எந்த ஜெல்லையும் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் பலமுறை உண்டு பார்த்த பின்னரே ஓட்டத்தில் பயன்படுத்த வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்வதையும் மறக்கக் கூடாது. அன்று நீண்ட ஓட்டத்துக்குப் பிந்தி வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. எண் அட்டையின் பின்புறத்தில் அவசரத் தொடர்பையும் ஒவ்வாமைகளையும் எழுதி, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, வெளியுடையின் முன்பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஒட்டாவாவை இலக்காக வைத்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மே இறுதியில் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு, பனியிலும் குளிரிலும் பயின்ற உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் செல்லும். ஆகவே மே நடுப்பகுதியிலிருந்து இலகு ஓட்டங்களை வெயில் ஏறிய பின் ஓடிப் பழக வேண்டும். ஓட்ட நாள் வெப்பமாக இருந்தால் திட்டமிட்ட வேகத்தைத் தொடக்கத்திலேயே குறைத்து, தண்ணீர் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பையைக் குடித்து மற்றொன்றைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ தோன்றினால், முடிவுக்கோடு எவ்வளவு அண்மையில் இருந்தாலும், அதே இடத்தில் நின்று மருத்துவத் தொண்டரை அழைக்க வேண்டும்.