ஸ்டெல்த் கேமா? முதலில் ஒருமுறை மாட்டிக்கொள்ளுங்கள்

காவலாளிகள் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து போகும் சின்ன ஸ்டெல்த் கேம் எதைத் தொடங்கினாலும், முதல் லெவலில் வேண்டுமென்றே ஒருமுறை காவலாளியிடம் மாட்டிக்கொள்ளுங்கள். மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் கேமிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடுபவர்களுக்கு இதனால் நேரமும் காசும் ரொம்பவே மிச்சம்.

காவலாளி எவ்வளவு தூரம் பார்க்கிறார், நாம் ஓடினால் சத்தம் எதுவரை கேட்கிறது, எந்த மூலையில் திரும்புகிறார் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் காவலாளிகள் ஒரே தடத்தில்தான் சுற்றுவார்கள். அப்புறம் தூணுக்குப் பின்னால் காத்திருந்து, அவர் முதுகைக் காட்டியதும் நழுவுவதுதான் மொத்த சுகமும். 2012-இல் வந்த ‘மார்க் ஆஃப் தி நிஞ்ஜா’வில் சத்தம் பரவும் தூரத்தைத் திரையில் வட்டமாகவே காட்டுவார்கள், அந்தத் தெளிவு இருந்தால் தோற்றாலும் எரிச்சல் வராது. ஏன் மாட்டினோம் என்றே புரியவில்லையா? கேமை மாற்றிவிடுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஒருமுறை செத்தால் ஆட்டமே முதலிலிருந்து என்கிற கேம்களிலும், காவலாளிகள் தாறுமாறாகத் திரியும் கேம்களிலும் இது பலிக்காது.