டைப் பண்ணது நம்பர்தானான்னு பைத்தான்ல எப்படிப் பாக்குறது

திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு ரோல் எடை என்ட்ரி போடற ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தேனுங்க. மொத வாரமே போன் வந்துருச்சு, "தம்பி, 24 போட்டா வாங்கிக்குது, 24.650 போட்டா தப்புங்குது"ன்னு. நான் பைத்தானோட இஸ்டிஜிட் (isdigit) வெச்சுப் பாத்ததுதான் காரணம். அது ஒவ்வொரு எழுத்தும் இலக்கமான்னு மட்டும்தான் பாக்கும், புள்ளியும் மைனஸும் அதுக்கு இலக்கம் கிடையாது, அதனால 24.650 அவுட்டு, ரிட்டர்ன் சரக்குக்குப் போடற -5-உம் அவுட்டு. ஆனா மேல தூக்கி எழுதற குட்டி ²-ஐ மட்டும் சரின்னு உள்ள தாட்டி விட்டுரும், அடுத்த வரில இன்ட் (int, முழு எண்ணா மாத்தறது) பண்ணா வேல்யூ எர்ரர் (ValueError) வரும். நம்ம ௧௨-ஐ இன்ட் அழகா 12-ன்னு மாத்திக் குடுக்கும், அதுல எனக்கு அவ்ளோ சந்தோசமுங்க.

அதனால எழுத்தெழுத்தா நோண்டாதீங்க, நேரா மாத்திப் பாத்துருங்க. ட்ரைக்குள்ள (try) ஃப்ளோட் (float, புள்ளி வெச்ச நம்பரா மாத்தறது) போடுங்க, வேல்யூ எர்ரர் வந்தா எக்செப்ட்ல (except) புடிச்சு மறுபடி டைப் பண்ணச் சொல்லுங்க. முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் இருந்தா ஃப்ளோட்டே தள்ளிக்கும், காலிக் கட்டத்துக்கு எர்ரர் வந்துரும்.

மாறிருச்சுன்னா முடிஞ்சுதுன்னு விட்டுறாதீங்க. nan-ன்னு (நம்பரே இல்லைங்கறதுக்கான குறி) இங்கிலீஷ்ல மூணு எழுத்து அடிச்சாலும் ஃப்ளோட் எடுத்துக்கும், அதை எந்த நம்பரோட பெருசா சிறுசான்னு கேட்டாலும் ஃபால்ஸ்தான் வரும், அதனால "40-க்கு மேல இருந்தா நிறுத்து"ன்னு நீங்க வெச்ச செக்குல நழுவி உள்ள வந்து மாசக் கடைசி டோட்டலையே கெடுத்துப்போடும். இந்த மாதிரி நம்பரைப் புடிக்க, மேத்ல (math) இருக்கற இஸ்ஃபைனைட்டை (isfinite) ஃப்ளோட் பண்ணதும் ஒரு வரி போட்டுருங்க.

கமாதான் என்னை ரொம்பப் படுத்துச்சுங்க. பில் தொகைய 1,25,000-ன்னு அடிப்பாங்க, ஃப்ளோட் ஏத்துக்காது, ரிப்ளேஸ் போட்டு கமாவைத் தூக்கிட்டா போதும். அதையே எடைக்கும் செஞ்சேன், ஒருத்தர் புள்ளிக்குப் பதிலா கமா அடிச்சு 24,650-ன்னு போட்டுட்டாரு, ஒத்த ரோல் இருபத்திநாலாயிரத்துச் சொச்சம் கிலோ ஆகிப்போச்சு. எடைக் கட்டத்துல கமா வந்தா வாங்கவே வாங்காதீங்க, கேட்டுருங்க. வரம்பும் வேணும், அந்த யூனிட்டுக்கு நான் -40-ல இருந்து 40-க்குள்ளன்னு வெச்சிருக்கேன்.

பணக் கட்டத்துக்கு ஃப்ளோட் வேண்டாமுங்க, 0.1-உம் 0.2-உம் கூட்டுனா அதுல சரியா 0.3 வராது, டெசிமல் (Decimal) எடுத்துக்கங்க. ஆனா டெசிமல் தப்பான எழுத்துக்கு வேல்யூ எர்ரர் குடுக்காது, இன்வேலிட்ஆப்பரேஷன்னு (InvalidOperation) வேற பேர்ல வரும், எக்செப்ட்ல அந்தப் பேரைப் போடலீன்னா ப்ரோக்ராம் அங்கயே படுத்துக்கும்.