அசோலா கலந்த மீன் தீவனம்: மாதவரத்து மொட்டை மாடியில் செய்த முறை

பின்கட்டுத் தொட்டியில் ரோகு வளர்க்கிறேன். புண்ணாக்குச் செலவு கட்டுப்படியாகாமல்தான், தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடியான அசோலா பக்கம் வந்தேன். தொட்டி அமைப்பதை விட்டுவிட்டு நேரே தீவனத்துக்கு வருகிறேன்.

மாடியில் செங்கல் அடுக்கி, ஆறடிக்கு ஆறடி சில்பாலின் ஷீட் (தண்ணீர் கசியாத கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு) விரியுங்கள். சலித்த செம்மண் 10 கிலோ, கரைத்த சாணம் 2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், நாலு அங்குலத் தண்ணீர், விதை அசோலா அரை கிலோ. யூரியா போடாதீர்கள், அசோலா இலைக்குள் வாழும் நீலப்பச்சைப்பாசியே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். மேலே நிழல் வலை கட்டாயம். இரண்டு வாரத்தில் பாத்தி மூடிவிடும்.

இனிதான் நான் சறுக்கிய இடம். ஒரு கிலோ தீவனத்துக்கு 200 கிராம் அசோலா என்று கணக்குப் போட்டு, பறித்த ஈரத்தோடே அரைத்துக் கலந்தேன். உருண்டை தொட்டியில் விழுந்ததும் கரைந்து தண்ணீர் கலங்கியது. அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நான் சேர்த்த 200 கிராமில் உலர்ந்த சத்து 15 கிராம்கூட இருந்திருக்காது! எடை எப்போதும் காய்ந்த தூளுக்குத்தான். 200 கிராம் தூளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் பச்சை அசோலா வேண்டும்.

சாண வாடை போக மூன்று தண்ணீரில் அலசி, வலைக்கடியில் மெல்லிசாகப் பரப்புங்கள். கையில் நசுக்கினால் அப்பளம்போல நொறுங்க வேண்டும். கார்த்திகை ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தேன், நாலே நாளில் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டினேன்.

என் அளவு: தவிடு 400, கடலைப் புண்ணாக்கு 350, அசோலாத் தூள் 200, மரவள்ளி மாவு 50 கிராம். மரவள்ளியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, முறுக்கு அச்சில் பிழிந்து காயவையுங்கள். மரஅச்சு வேண்டாம், பித்தளைதான் இந்த இறுக்கத்தைத் தாங்குகிறது. இது மூழ்கும் தீவனம். தட்டில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

பின்சேர்க்கை: எண்ணூர் வாசகர் ஒருவருக்கு அசோலா பழுப்பாகிவிட்டதாம். விசாரித்தால் போர் தண்ணீர் உப்பு. அசோலா உப்பைத் தாங்காது. மழைநீரோ, ஒருநாள் திறந்துவைத்த மெட்ரோ தண்ணீரோ ஊற்றுங்கள்.

மணலியிலிருந்து இன்னொருவர், கால்வாயில் இலவசமாகக் கிடைக்கும் ஆகாயத்தாமரையைச் சேர்க்கலாமா என்றார். தயவுசெய்து வேண்டாம். அது தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை வேரில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. ஆலைக் கழிவு கலக்கும் தண்ணீரில் வளர்ந்ததை மீனுக்குப் போட்டால், அந்த மீன் நம் பிள்ளைகளின் தட்டுக்குத்தானே வருகிறது?