பாய் விரிக்கும் அறையில் பாலன் குடில்: சின்ன வீட்டுக்கு நத்தார் அலங்காரம்

அலங்காரச் சாமான் வாங்கக் கடைக்குப் போவதற்கு முதல்நாள் இரவு, எல்லாரும் படுக்கப் பாய் விரித்த பிறகு மிச்சம் இருக்கிற நிலத்தை அளந்து பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் நாலு பேர் வரிசையாகப் பாய் விரித்தால் பத்தடிக்கு ஆறடி போய்விடும். மற்றப் பாதியில் அலுமாரி நிற்கிறது, மேசை நிற்கிறது, கதவு திறக்க இடம் வேண்டும், இரவில் எழும்பி வெளியே போக வழி வேண்டும். இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி மூலை ஒன்றுதான். அந்த மூலையை, இயேசு பிறந்த காட்சியைச் சின்னச் சிலைகளால் காட்டுகிற பாலன் குடிலுக்குக் கொடுங்கள். மரமும் வெளிச்சமும் தோரணமும் சுவருக்கும் கூரை வளைக்கும் வாசலுக்கும் போகட்டும். யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூர்ப் பக்கத்துச் சின்ன வீடானாலும் நகரத்தில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையானாலும் இந்தக் கணக்குத்தான்.

குடில்

வாசலில் வந்து நிற்பவரின் கண்ணில் முதலில் படுகிற மூலையே குடிலுக்கு நல்லது. யன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். மார்கழியில் வாடைக்காற்றோடு தூவானம் உள்ளே வந்து ஒரே இரவில் கடதாசி மலையைக் கரைத்துவிடும். கதவுக்குப் பின்னாலும் அடுப்புப் பக்கமும் வேண்டாம்.

உயரம் முக்கியம். மாலையில் செபம் சொல்லும்போது வீட்டார் நிலத்தில் இருப்பார்கள் அல்லது முழந்தாளில் நிற்பார்கள். பாலன் அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். அதற்கு நிலத்திலிருந்து இரண்டடி உயரம் போதும். மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பலகை வைத்துப் பழைய சேலையால் மூடினால் சுவரில் ஒரு துளையும் போடாமல் மேடை வந்துவிடும். பெட்டிகளின் வாயை முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தால் பிள்ளைகளின் புத்தகங்களை உள்ளே அடுக்கலாம், சேலை மறைத்துக்கொள்ளும்.

குடிலின் அளவைச் சுரூபம்தான், அதாவது உள்ளே வைக்கிற சிலைதான், தீர்மானிக்க வேண்டும். ஆறு அங்குலச் சுரூபத்துக்குக் குடிலின் வாய் ஒன்பது அங்குல உயரம், மொத்த அகலம் பதினெட்டு, ஆழம் பன்னிரண்டு. இதற்கு மேல் கட்டினால் மாதாவும் சூசையப்பரும் வெறும் மண்டபத்தில் நிற்பதுபோலத் தெரியும். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி புனித பிரான்சிஸ் பெத்லகேமை நினைவூட்ட எடுத்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கல், உயிருள்ள மாடு, கழுதை. ஆகவே சின்னக் குடில் என்று யாரும் குறைப்படத் தேவையில்லை.

குகை செய்யச் சீமெந்துப் பைக் கடதாசியை விட நல்ல பொருள் இல்லை. மூன்று பை போதும். பையை வெளியில் வைத்துத் தட்டி, ஈரத் துணியால் இருபக்கமும் துடையுங்கள்; ஒட்டியிருக்கும் சீமெந்துத் தூள் கையை அரித்துவிடும். பிறகு கடதாசியை நன்றாகக் கசக்கி விரித்து, மறுபடி கசக்குங்கள். மூன்று தரம் கசக்கினால்தான் பாறையின் மடிப்பு வரும். அட்டைப் பெட்டி ஒன்றைச் சட்டமாக வைத்து அதன்மேல் பசை பூசி ஒட்டுங்கள். பசைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி கோதுமை மா. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி படிகாரத் தூள் போடுங்கள். போடாவிட்டால் மாரிக்காலத்தில் மூன்றாம் நாளே புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். பசையைத் தடிப்பாகப் பூசினாலும் காயாது; கரப்பானும் எலியும் வரும். கரித்தூளைப் பசைத் தண்ணீரில் கரைத்து மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் தடவினால் கல்லின் நிழல் விழும். முழுவதும் பூசினால் நிலக்கரிக் குவியல்போல ஆகிவிடும்.

குடிலுக்கு முன்னால் புல் வேண்டும் அல்லவா? பிளாஸ்டிக் புல்லை விட்டுவிட்டு நெல் முளைக்க விடுங்கள். 12ஆம் திகதி ஒரு கைப்பிடி நெல்லை ஊறப் போடுங்கள். 13ஆம் திகதி வடித்து ஈரத் துணியில் கட்டி வையுங்கள். 14ஆம் திகதி வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் சிரட்டையில் விதையுங்கள். கண் உள்ள பாதிச் சிரட்டையை எடுத்துக் கண்ணைக் குத்தித் துளையாக்கினால் தண்ணீர் தேங்காது. இரண்டு அங்குலம் மண், அதன்மேல் நெருக்கமாக முளைநெல், மேலே மெல்லிய மணல். காலையும் மாலையும் தெளித்தால் போதும். 24ஆம் திகதிக்கு மூன்று, நாலு அங்குலப் பயிர் நிற்கும். பயறு இன்னும் வேகமாக வரும். ஆனால் இருட்டறையில் நூல்போல நீண்டு சரிந்துவிடும். நெல்லைக்கூடப் பகலில் விறாந்தையில் வெயில் காட்டி இரவில் உள்ளே எடுங்கள். கோழியும் அணிலும் எட்டாத இடமாக வையுங்கள்.

பாலன் சுரூபத்தை 24ஆம் திகதி நள்ளிரவுவரை துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருங்கள். பாலனைக் காண வந்த மூவிராசாக்களும் அன்று குடிலுக்குள் வரத் தேவையில்லை. அவர்களை யன்னல் விளிம்பில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6ஆம் திகதி குடிலில் சேருங்கள். நெருக்கம் குறையும். அதைவிட, மூவிராசாக்கள் இன்று எதுவரை வந்தார்கள் என்று பிள்ளைகள் காலையில் எழும்பியதும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

சுவரில் தொங்கும் மரம்

யாழ்ப்பாணத்தில் நத்தார் மரம் என்றால் சவுக்குத்தான். வாளியில் மணல் நிரப்பி நட்டால் அது மூன்றடி வட்டம் பிடிக்கும். சின்ன அறையில் போகிற வருகிற ஆட்கள் எல்லாரும் அதில் உரசுவார்கள். கொப்பை மட்டும் எடுத்துச் சுவரில் ஏணிபோலக் கட்டுவதே வழி. கடற்கரையில் நிற்கும் சவுக்கை வெட்டாதீர்கள், அது காற்றையும் மணலையும் மறிக்க நட்டது. வளவில் மரம் நிற்கிற வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்பது மெல்லிய தடிகள் வேண்டும். அடியில் 28 அங்குலம், அடுத்தது 25, அதற்கடுத்தது 22 என்று மூன்று மூன்றாகக் குறைத்து உச்சியில் 4 அங்குலம். ஒவ்வொரு தடிக்கும் 5 அங்குல இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் வலை பொத்துகிற நைலோன் நூலால் கட்டுங்கள். நைலோன் வழுக்கும் என்பதால் தடியின் நுனியில் சின்ன வெட்டுப் போட்டு அதில் நூலை இறுக்குங்கள், இல்லாவிட்டால் மணி, பந்து எல்லாம் தொங்கவிட்ட பிறகு ஒருபக்கம் இறங்கும். உச்சியில் இரண்டு நூலும் சேர்கிற இடத்தில் ஒரு கண்ணி. முழு மரமும் ஒரே ஆணியில் நிற்கும். பிறகு ஒவ்வொரு தடியிலும் சவுக்கங் குச்சிகளைக் கற்றை கற்றையாகக் கட்டுங்கள். அதை 22, 23ஆம் திகதிகளில் செய்தால் போதும். தண்ணீர் இல்லாத சவுக்கு சீக்கிரம் பழுத்துக் கொட்டும், கொட்டியது பாயெல்லாம் ஒட்டும். காய்ந்த சவுக்கு நெருப்பைக் கண்டால் நொடியில் பற்றும், ஆகவே மெழுகுதிரி அந்தச் சுவர்ப் பக்கமே போகக் கூடாது. திருநாள் முடிய ஏணியைச் சுருட்டி வைத்து அடுத்த வருடமும் எடுக்கலாம்.

தொங்கவிட ஓலையில் செய்த நட்சத்திரமும் மீனும் குருவியும்தான் அழகு. பச்சை ஓலையில் செய்தால் இரண்டு மூன்று நாளில் சுருண்டுவிடும். வெயிலில் காய்ந்து வெளுத்த பனஞ் சார்வோலையை ஈர்க்கு நீக்கி அரை அங்குல அகலத்தில் வார்ந்தெடுங்கள். மடிப்பதற்கு முன் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வெடிக்காது.

வெளிச்சம்

இதில்தான் கவனம் வேண்டும். 230 வோல்ற் நேரடியாக ஓடுகிற மலிவான மாலை பல்ப்புகளில் வயர் நூல்போல இருக்கும், உறை இலேசாக உரியும். அடாப்டர் வழியாகக் குறைந்த வோல்ற்றில் எரிகிற எல்.ஈ.டி. மாலை கொஞ்சம் விலை கூட என்றாலும், பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில் கட்டவேண்டிய சின்ன அறைக்கு அதுதான் சரி. கட்டுவதற்கு முன், மின்கசிவு வந்தால் தானாக விழுகிற ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் வயர்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே மற்ற வேலை.

நீளத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். வாசல் நிலையைச் சுற்ற 7, 3, 7 என்று 17 அடி, ஐந்தேகால் மீற்றர். பத்து மீற்றர் மாலை ஒன்றில் வாசலும் ஒரு யன்னலும் முடியும். உள்ளே ஒரே நிறம், மஞ்சள் கலந்த வெள்ளை, மின்னாமல் நின்று எரிவது போதும். மின்னுகிற பல்ப்பு படுக்கிற அறையில் கண்ணைக் குத்தும். அதை விறாந்தைக்கு விடுங்கள். கண்ணாடி இருந்தால் அதன் எதிர்ச் சுவரில் மாலையைக் கட்டுங்கள், பாதிச் செலவில் இரண்டு மாலையின் வெளிச்சம் கிடைக்கும்.

வயரைத் தகரத்திலோ யன்னல் கம்பியிலோ நேராகக் கட்டக் கூடாது. தகரத்தின் விளிம்பு உறையை வெட்டினால் முழுக் கூரைக்கும் மின்சாரம் ஏறும். இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு வைத்துக் கட்டுங்கள். வெளியிலிருந்து வருகிற வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொய்ந்து பிறகு மேலேறிச் செருக வேண்டும். அப்போதுதான் வயரோடு வழிகிற மழைத்தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டுவது பலர் செய்யும் பிழை; உள்ளே வேர்த்துத் தண்ணீர் தேங்கும். தலைகீழாகக் கவிழ்த்த தயிர்க் கோப்பையால் மேலே மட்டும் மூடினால் போதும். கேத்தில், சோறு சமைக்கும் குக்கர் செருகுகிற நீட்டு வயரில் இதையும் சேர்க்காதீர்கள். படுக்கப் போகும்போது நிறுத்துங்கள்.

மாலையில் ஒரு பகுதி மட்டும் அணைந்தால் முழுதையும் எறியத் தேவையில்லை. பல்ப்புகள் கூட்டம் கூட்டமாகத் தொடராக இணைந்திருக்கும். ஒன்றின் கால் கடற்காற்றில் பச்சை பிடித்து அறுந்தால் அந்தக் கூட்டம் முழுதும் அணையும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தப் பகுதியில் பச்சை பிடித்த காலைத் தேடுங்கள்.

வாசல் நட்சத்திரம்

இரண்டடி நட்சத்திரத்துக்கு 24 அங்குல மூங்கில் சிம்பு பத்து, கால் அங்குல அகலத்துக்கு வளையக்கூடியதாகச் சீவியது. ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலிருந்தும் ஒன்பதேகால் அங்குலத்தில் அடையாளம் போடுங்கள். நடுவில் ஐந்தரை அங்குலம் மிஞ்சும். ஐந்து சிம்பை அடையாளங்களில் ஒன்றையொன்று குறுக்கிட வைத்து, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று மாறி மாறிப் பின்னிக் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம். இப்படி இரண்டு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து கூர்முனையையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே ஐந்து குறுக்கிடும் இடங்களிலும் நாலரை அங்குலக் குச்சி கொடுத்து உப்ப வையுங்கள். ஒரு குச்சி நீளம் மாறினாலும் நட்சத்திரம் கோணும்.

முன்னும் பின்னும் நட்சத்திர வடிவத்துக்கும், பக்கவாட்டில் பத்து நீள முக்கோணத்துக்கும் தாள் வெட்ட வேண்டும். மெல்லிய ரிசுத் தாள் மட்டும் ஒட்டினால் முதல் மழையோடு போய்விடும். கண்ணாடித்தாள் மட்டும் என்றால் பல்ப்பு உறுத்தும். முதலில் ரிசுத் தாளைப் பசையால் ஒட்டிக் காயவிட்டு, மேலே மெல்லிய பொலித்தீனைச் சிம்போடு செலோரேப்பால் இழுத்து ஒட்டுங்கள். மாப்பசை பொலித்தீனில் பிடிக்காது. அடிப்பக்க முக்கோணம் ஒன்றைத் திறந்தே விடுங்கள், பல்ப்பு போடவும் உள்ளே புகுந்த தண்ணீர் வடியவும். மூன்று வோட்ஸ் எல்.ஈ.டி. போதும். பழைய 40 வோட்ஸ் குண்டு பல்ப்பு தாளைக் கருக்கும். பாரம் கயிற்றில் நிற்க வேண்டும், வயரில் அல்ல. தாழ்வாரத்துக்கு ஓரடி உள்ளே தொங்கவிட்டு, கீழ்முனை இரண்டையும் நூலால் தூணோடு கட்டுங்கள். கட்டாத நட்சத்திரத்தை வாடை ஒரே இரவில் சுவரில் மோதி நொறுக்கும்.

உள்ளே தோரணம் கட்டும்போது மின்விசிறியிலிருந்து நாலு மூலைக்கும் இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் தாள் முழுதும் மோட்டரில் சுற்றும். சுவரின் மேல்விளிம்போடு, வளைக்குக் கீழே ஓட விடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் செலோரேப் நிற்காது, சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு வரும். வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். மூலைக்கு மூலை ஒரு நூல் கட்டி அதில் தொங்கவிடுவதே நல்லது. கிரேப் தாளின் சிவப்பு ஈரம் பட்டால் சுவரில் இறங்கும் என்பதால் சுவரில் தொடாதபடி இரண்டு அங்குலம் விட்டுக் கட்டுங்கள். பலூனை 24ஆம் திகதி பின்னேரம் ஊதினால் போதும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் ஒவ்வொன்றாக வெடிக்கும்.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றும்போது முதலில் சவுக்கை எடுங்கள். பல்ப்பு மாலையை அட்டைத் துண்டில் சுற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சுரூபங்களைத் தனித்தனியாகப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பத்திரிகைத் தாளின் மை ஈரத்தில் வெள்ளைச் சுரூபத்தில் ஒட்டும். சீமெந்துக் கடதாசிக் குகையை வெயிலில் ஒருநாள் காயவைத்து, இரண்டு பூச்சி உருண்டையோடு பையில் கட்டி அலுமாரிக்கு மேலே போடுங்கள். நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் விறாந்தை வளையில் தொங்கவிடலாம். முளைநெல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுங்கள்.