இலவசமாக ஜெர்மன் படிப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

"ஏ1 முடிச்சாச்சு அண்ணா, 96 சதவீதம்" என்று நர்சிங் முடித்த ஒரு தங்கை, போனில் படிக்கும் இலவச ஜெர்மன் பாடத்தைக் காட்டினாள். ஏ1 என்பது மொழித் தேர்ச்சியின் முதல் படி, அப்புறம் ஏ2, பி1, பி2 என்று ஏறும். உன் பெயரை ஜெர்மனில் எழுத்துக்கூட்டிச் சொல் என்றேன். அவள் பெயரை விஜயா என்று வைத்துக்கொள்வோம். 'வி'க்கு 'ஃபௌ' என்று சரியாகத் தொடங்கினாள், 'ஈ' வந்தது, 'ஜே'யில் நின்றுவிட்டாள். அது 'யோட்'. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 வாய்மொழித் தேர்வு தொடங்குவதே இங்கேதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், பெயரை எழுத்துக்கூட்டுங்கள், ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

அந்த 96 பொய்யில்லை. ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தொட்டு வாங்கியது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, கேட்டவுடன் வாயில் வருவது வேறு. இலவசப் பாடத்தில் நம்மை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆள் இல்லை. முக்கால்வாசித் தவறுகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடம் ஏ1 முதல் பி1 வரை காசில்லாமல் கிடைக்கிறது, அதுவும் கதையாக. ஜெர்மனியின் முதியோர் கல்வி மையங்கள் நடத்தும் 'ஃபௌ-ஹா-எஸ்' லெர்ன்போர்ட்டல் என்ற இலவசத் தளத்தில் நாம் எழுதுவதைத் திருத்தித் தர ஆசிரியர்களே இருக்கிறார்கள். அந்த எழுத்துப் பயிற்சியைத்தான் நம்மவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தாண்டிப் போகிறார்கள். ஓசியில் கிடைக்கும் வாத்தியாரை யாராவது விடுவார்களா?

அடுத்தது, உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது. (இங்கே நானும் அதைத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை.) 'ஏற்கெனவே' என்பதற்கு ஒரு 'ஷோன்', 'அழகு' என்பதற்கு இன்னொரு 'ஷோன்'. நோட்டில் இரண்டும் ஒன்று, காதுக்கு வேறு வேறு. இரண்டாவதில் 'ஓ'வின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. 'ஏ' என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் 'ஓ' போலக் குவியுங்கள், வந்துவிடும். 'ஈ' சொல்லிக்கொண்டே 'ஊ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த 'ஊ'. கண்ணாடி முன் பத்து நாள் செய்தால் நோட்டே வேண்டாம்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, ஆங்கிலம் வழியாகவே ஜெர்மனுக்குப் போவது. பாட விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் மனசும் அந்த வழியிலேயே போகிறது. 'எனக்குக் குளிருது' என்பதற்கு ஜெர்மனில் 'மியர் இஸ்ட் கால்ட்'. 'மியர்' என்றால் 'எனக்கு', அப்படியே நம்ம 'கு' வேற்றுமை. ஆங்கிலத்தில் யோசித்தவர் 'ஐ ஆம் கோல்ட்' என்பதை அப்படியே மாற்றி 'இஹ் பின் கால்ட்' என்பார். அது 'நான் மனசில் ஈரமில்லாத ஆள்' என்கிற மாதிரி ஆகிவிடும். 'ஏனென்றால்' என்று பொருள்தரும் 'வைல்' வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்: 'வைல் இஹ் க்ராங்க் பின்' (ஏனென்றால் நான் உடம்பு சரியில்லாமல் இருக்கிறேன்). வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். அதை விட்டுவிட்டு 'பிகாஸ் ஐ ஆம்' என்று சுற்றிவந்து 'பின்'னை நடுவில் போடுகிறோம்.

ஒரே நேரத்தில் நாலு பாடத்தில் சேருவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலிலும் 'வணக்கம், உன் பெயர் என்ன' மட்டும் படித்திருப்பீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி மெட்ராஸின் ஜெர்மன் பாடம் இருக்கிறது. சேருவது இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும். ஒழுங்காகப் படிக்க வைக்கும் ஏற்பாடுதான், ஆனால் விசா கவுன்டரில் அந்தக் காகிதம் செல்லாது. கணவரோடு சேரப் போகும் மனைவிக்குக் கேட்கும் ஏ1 ஆகட்டும், நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் கேட்கும் பி2 ஆகட்டும், கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற தேர்வுகளின் சான்றிதழ்தான் வேண்டும். ஆகவே தேர்வின் மாதிரித்தாளை முதல் வாரமே இறக்கிப் பாருங்கள். கோத்தே பி1-இல் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நாலு பகுதி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். வீடியோ மட்டும் பார்த்தவர்கள் கடைசி இரண்டில் மாட்டுவார்கள். ஒரு ஆறுதல், தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

அந்தத் தங்கைக்குச் சொன்னது ஒன்றுதான்: தினம் ராத்திரி ஒரு நிமிஷம் ஜெர்மனில் பேசி வாய்ஸ் நோட் அனுப்பு, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஜெர்மனில் 47-ஐ 'ஏழும் நாற்பதும்' என்று பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நேற்று வந்ததில், அவள் ஏறுகிற பஸ் நம்பர் 74 ஆகியிருந்தது. 'யோட்' மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது.