பாப்கேட் ஸ்டார்ட் ஆகவில்லையா, பக்கெட் தூக்கவில்லையா? பார்ட்ஸ் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஸ்கிட் ஸ்டியர் லோடர் (முன்னால் பக்கெட் வைத்த சின்ன லோடர் வண்டி) எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் பாப்கேட்தான், பின்னால் தோண்டும் கை இருந்தால் டி.எல்.பி. இந்தப் பதிவு பாப்கேட்டுக்கு. சாட்ஸ்வொர்த்தில் சைட் வேலை எடுப்பவர்கள், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வண்டி ஓட்டுபவர்கள், ஊரிலிருந்து ஆபரேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் எல்லோருக்கும் உதவும். வண்டி நின்றதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது, ஹைட்ராலிக் பம்ப் என்ன விலை என்று போன் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பல நேரம் இரண்டும் தேவைப்படாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பாப்கேட்டில் ஹைட்ராலிக் பம்புகள் என்ஜினோடு நேரடியாகவோ பெல்ட் வழியாகவோ இணைந்திருக்கும், நடுவில் கிளட்ச் கிடையாது. சாவி திருப்பினால் செல்ஃப் மோட்டார் என்ஜினை மட்டும் சுற்றுவதில்லை, பம்புகளையும் சேர்த்துத்தான் சுற்றுகிறது. அதனால் ஹைட்ராலிக் கோளாறு ஸ்டார்ட்டிங் கோளாறு மாதிரி வேஷம் போடும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொடும் முன்

பக்கெட்டைத் தூக்கும் வண்டிக் கைகளை இறக்கி, பக்கெட்டைத் தரையில் வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கை தூக்கிய நிலையில் வேலை பார்த்தே ஆக வேண்டுமென்றால் வண்டியோடு வரும் ஆர்ம் லாக்கைப் போட்ட பிறகுதான் கீழே போக வேண்டும், மரக்கட்டை முட்டுக்கொடுப்பதெல்லாம் வேண்டாம். ஹோஸில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். உள்ளே சுமார் 200 பார் அழுத்தம், ஊசித் துளை வழியாக ஆயில் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூட இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் உங்கள் கையே போகலாம். அப்படி நடந்தால் நேராக ஆஸ்பத்திரி, ‘ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது’ என்று சொல்லியே சேருங்கள். கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

படி 1: சீட்டும் பாரும்

சாவி திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லையா? பேட்டரிக்குப் போகும் முன் சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து, மடிக்கு முன்னால் இறங்கும் பாதுகாப்புக் கம்பியை (பார்) இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு மறுபடி திருப்புங்கள். ஆள் உட்கார்ந்திருக்கிறார், பார் இறங்கியிருக்கிறது என்று சென்சார் சொன்னால்தான் சில மாடல்களில் செல்ஃப் எடுக்கும். கை தூக்குவதற்கும் வண்டி நகர்வதற்கும் அந்த சென்சார்தான் அனுமதி கொடுக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சேறு அள்ளிய மாதிரி வேலைகளில் அந்த பார் திரும்பும் மூலையில் சிவப்பு மண் அப்பிக் காய்ந்து, பார் முழுசாக இறங்கியது போலத் தெரிந்தாலும் சென்சாருக்கு எதிரே காந்தம் வந்து நிற்காது. பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, கனெக்டரைப் பிடுங்கி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். சுவிட்சை வயர் போட்டு பைபாஸ் செய்து ஓட்டவே கூடாது. ஆபரேட்டர் இறங்கும்போது கை கீழே வராமல் பிடிப்பது அந்த சுவிட்ச்தான்.

படி 2: சத்தத்தைக் கேளுங்கள்

டக்-டக்-டக் என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் கரண்ட் போதவில்லை, இல்லையென்றால் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டொக்’ வந்து நின்றால் கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அதுவும் முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் விழுந்தால், பேட்டரி முடிந்தது. பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லையா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் கோளாறு. கடலோரத்தில் இது ரொம்ப சகஜம்: வெளியே கேபிள் புதுசு மாதிரி இருக்கும், கேபிள் முனையில் இருக்கும் லக்கைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடி. எமரித் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, இறுக்குங்கள்.

பக்கியிலிருந்து (சின்ன பிக்கப் வண்டி) ஜம்ப் கொடுக்கலாம், அதுவும் 12 வோல்ட். சைட்டில் நிற்கும் பெரிய லாரியிலிருந்து கொடுக்காதீர்கள், அது 24 வோல்ட், கம்ப்யூட்டர் எரிந்துவிடும். கறுப்பு கேபிளைக் கடைசியாக, பேட்டரிக்குத் தள்ளி என்ஜின் பிளாக்கில் மாட்டுங்கள்.

படி 3: சுற்றுகிறது, பிடிக்கவில்லை

சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை, ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர்.

டீசல் போகவில்லை என்றால் வாட்டர் செப்பரேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டர் மாற்றிய மறுநாள் வரும் கோளாறு பெரும்பாலும் ஏர் பிடித்ததுதான், கை பம்ப் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பழைய என்ஜினில் சாவியை ஆன் செய்தால் டீசல் சொலினாய்டு ‘டிக்’ என்று கேட்க வேண்டும், கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே. பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், செலவே இல்லை. புது காமன் ரெயில் என்ஜினில் மட்டும் இன்ஜெக்டர் பைப்பை லூஸ் செய்து ஏர் எடுக்கும் பழைய பழக்கம் கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாருக்கும் மேல்.

ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினுக்கு ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். வெடிக்கும்.

படி 4: மெதுவாகத்தான் சுற்றுகிறது

பேட்டரியும் கேபிளும் சரி, ஆனாலும் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? பம்ப் சுமை கொடுக்கிறது. முதலில் ஆக்ஸிலரி லீவரை, அதாவது முன்னால் மாட்டும் கருவிகளுக்கு ஆயில் அனுப்பும் லீவரைப் பாருங்கள். பிரேக்கர், குழி துளைக்கும் ஆகர் எதுவும் மாட்டாமல் அந்த லீவரோ பட்டனோ லாக்கில் கிடந்தால் ஆயில் போக வழியில்லாமல், அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வை முட்டித் தள்ள வேண்டும், செல்ஃப் மோட்டார் திணறும். பிடித்தாலும் என்ஜின் அமுங்கி நின்றுவிடும். இதைப் பார்க்காமல் செல்ஃப் மாற்றுபவர்கள் நிறைய.

இன்னொன்று குளிர். டர்பனில் தெரியாது, ஆனால் வண்டியை ஜோஹன்னஸ்பர்க் வேலைக்கு ஏற்றிப் போனால் ஜூன், ஜூலை காலையில் சில நாள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஆயில் கெட்டியாகி பம்பைப் பிடித்துக்கொள்ளும். ஹீட்டர் லைட் அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்து, ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அப்புறம் லீவரைத் தொடுங்கள்.

படி 5: என்ஜின் ஓடுகிறது, ஹைட்ராலிக் வேலை செய்யவில்லை

எதுவுமே அசையவில்லை என்றால் மறுபடி படி 1-க்குப் போய் பார், சீட் லைட்டைப் பாருங்கள். அது சரி என்றால் ஆயில் அளவு: சமதரையில், கை இறக்கி, பக்கெட் படிந்து, என்ஜின் நின்றிருக்கும்போது. ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரையும் ஊளைச் சத்தமும் சேர்ந்து வந்தால் பம்புக்கு ஆயில் இழுக்கும் பக்கத்தில் ஏதோ கிளிப் லூஸ், காற்று உள்ளே போகிறது. பெல்ட் மாடலாக இருந்தால் பெல்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

வண்டி நகர்கிறது, கை மட்டும் தூக்கவில்லை என்றால் கைக்கான லாக் வால்வின் ஃபியூஸையும் காயிலையும் பாருங்கள். காலையில் நன்றாகத் தூக்கி மதியம் சோர்ந்தால் ஆயில் சூடாகிறது. கரும்புத் தோட்ட வண்டிகளில் கதவைத் திறந்து கூலரைப் பாருங்கள்: வெளியே சுத்தமாக இருக்கும், ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவில் சோகைத் துணுக்கும் தூசியும் ஆயிலில் ஊறி, கம்பளி மாதிரி ஒரு படலமாக ஒட்டியிருக்கும். காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் கம்ப்ரஸர் பிடியுங்கள், துடுப்புகள் மடியாமல் தள்ளி நின்று.

கூலர் சுத்தமான பிறகும் சூட்டில் சோர்ந்தால், அல்லது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இழுக்கவில்லை என்றால், அழுத்தம் அளக்கும் கேஜ் வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரிலீஃப் வால்வை நீங்களாகத் திருகாதீர்கள். போனில் சொல்ல நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: மணி மீட்டர் எவ்வளவு, திரையில் என்ன எரர் கோட், கோளாறு குளிரிலா சூட்டிலா, எது எது வேலை செய்கிறது. சரியான கேஜையும் ஆயில் சீல்களையும் எடுத்துக்கொண்டு ஒரே நடையில் வந்துவிடுவார்.